மெய்க்கு அரை மாத்திரை

பகாஸ்மாயோ துறைமுகத்தில்
டாக்டர் ஸொராய்டா குவானின் கையெழுத்தை
வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
அதனால் அவருடைய சீட்டுகள் என் மருந்துக்கடைக்கு வரும்.
அதனால் கதைகளும்.

சனிக்கிழமை மாலை, பழுப்பு உறையில்,
சில வாரம் மீன் வாசனையோடு.
இருமல் மருந்துகளுக்குப் பின்னால் உட்கார்ந்து
தட்டச்சு செய்து கொடுப்பேன்.
ஒரு சொல்லையும் மாற்றியதில்லை,
இருபத்தாறு வருடமாக.

ஒருமுறை சர்க்கரை மருந்துச் சீட்டில்
மூன்றாவது வரியாக இருந்தது:
‘மழை அவளைக் கேட்காமலே உள்ளே வந்தது.’
இந்தக் கரையில் மழையே கிடையாது.
ஸ்டாக் இல்லை என்றேன்
வலைக்காரன் ரெமிகியோவிடம்.

அவருடைய கொள்ளுத்தாத்தா சீனாவிலிருந்து கப்பலில் வந்தவர்.
கரும்புத் தோட்டத்துக் கணக்கன்
பெயரைப் பாதி காதில் வாங்கி
மீதியைத் தானே எழுதிக்கொண்டான்.
“எங்கள் வீட்டின் முதல் கதாசிரியன்
அவன்தான்” என்பார் டாக்டர்,
சிரிக்காமல்,
பில்லில் கையெழுத்துப் போட்டபடி.

ஊர்க்காரர்கள் கதைக்குள் போய்வருவது
அவர்களுக்கே தெரியாது.
பெண்ணை ஆணாக்குவார்,
ரொட்டிக்கடையைக் கோயிலாக்குவார்,
கடலை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு மலையை வைப்பார்.
மருந்தின் அளவை மாற்ற மட்டும்
அவருக்குக் கை வராது.

மணியடிக்கும் கிழவன்,
இதயத்துக்குத் தினம் ஒரு மாத்திரை,
சனி ஞாயிறு விடுமுறை
என்று தட்டச்சு செய்த கணமே
ரொட்டிக்கடை நிக்கோலாசா
என் படியேறி நின்று மூச்சு வாங்கினாள்.
பதினொன்றாம் பக்கத்தில் கிழவன் செத்துப்போனான்.
திங்கட்கிழமை நிக்கோலாசா வந்தாள்.
ஒரு பட்டை கூடுதலாகக் கொடுத்து
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
சில்லறை இல்லை என்றேன்.

போன ஜூன் முதல்
டாக்டரின் எழுத்து சுருங்கத் தொடங்கியது.
வரியின் தொடக்கத்தில் வண்டு,
நடுவில் எறும்பு,
ஓரத்துக்குப் போகையில் மணல்.
புதுப் பேனா என்று நினைத்தேன்.
காகித விலை என்று நினைத்தேன்.
என் கண்ணைத்தான் சந்தேகித்து
லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

பிறகு இந்தக் கதை.

மலைமேல் ஏதோ ஓர் ஊர். எலூட்டேரியா, தையல்காரி.
அவள் தையல் வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது.
என்ன நுணுக்கம், என்ன நுணுக்கம் என்று
கல்யாணப் பெண்கள் மாய்ந்துபோகிறார்கள்.
அவளோ ஊசியை வைத்ததும்
வலது கையை
இரண்டு முழங்காலுக்கும் நடுவே செருகிக்கொள்கிறாள்,
கதவிடுக்கில் பூனையை நிறுத்துவதுபோல.

ஒன்பதாம் பக்கம்:
லெவோடோபா, அரை மாத்திரை, மூன்று வேளை.

பதிவேட்டை எடுத்தேன்.
ஜனவரி வரை பின்னோக்கிப் புரட்டினேன்,
பிறகு அதற்கு முந்தைய வருடத்தையும்.
இந்த ஊரில் யாருக்கும்
அந்த மருந்து இல்லை.

போன் செய்தேன்.
“டாக்டர், ஒன்பதாம் பக்கத்தில் அளவு சரியா?”
“சரிதான்.”
“சாப்பாட்டுக்கு முன்பா பின்பா?
எழுதவில்லை.”
அந்தப் பக்கம் எங்கோ குழாய் சொட்டியது.
“அரை மணி முன்பு.
இறைச்சியோடு சேரக்கூடாது.”
“கதைக்கு அது வேண்டுமா?”
“கதைக்கு வேண்டாம்.”

நான் ரப்பர் முத்திரையைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.
த்ருஹியோவிலிருந்துதான் வர வேண்டும்,
வியாழக்கிழமை ஆகும் என்றேன்.
“காத்திருப்பாள்” என்றார்.

வெள்ளிக்கிழமைதான் வந்தது பெட்டி.
பதிவேட்டில்
நோயாளியின் பெயர் என்ற கட்டத்தில்
எலூட்டேரியா என்று எழுதினேன்.
தொழில், தையல்.
முகவரிக்கு ஒரு மலை தேவைப்பட்டது.
ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மலையை எழுதினேன்.